எலும்பு பாதி, வீட்டார் பாதி

(எலும்பை ஆராய்ந்து இறந்தவர் யார் என்று கண்டறியும் தடயவியல் மானுடவியல் பற்றிப் போன இதழில் வெளியான கட்டுரையை ஒட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். சொல்பவர், அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் தடய மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்ற மருத்துவர்.)

‘எலும்புகள் பேசும்’ என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. ஒரு எலும்புக்கூடு கைக்கு வந்தால் நீங்கள் முதலில் என்ன பார்ப்பீர்கள்?
*– கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

பேசாதும்மா. 31 வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுகிறவர்கள் எல்லாம் மார்ச்சுவரிக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற அம்மாவும் அண்ணனும்தான். ஆளை அடையாளம் காட்டும் விவரத்தில் பாதி எலும்பிடம் இருக்கிறது, மறு பாதி அவர்களிடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

முதலில் பார்ப்பது, இது மனுஷ எலும்புதானா என்று. சிரிக்காதீர்கள். நான் ட்யூட்டராகச் சேர்ந்த புதிதில் ஒரு ஏட்டையா யூரியா சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “கிணத்தைத் தூர் வாரும்போது கிடைச்சுது சார், சின்னப் புள்ள மாதிரி இருக்கு” என்றார். ஊரே ஒரு மாமியாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததாம். மேஜையில் கொட்டினேன். ஆட்டுக்கால் எலும்பு ஏழெட்டு, கறிக்கடைக் கத்தி பட்ட தடத்தோடு. ஒரு நாய்த் தாடை. கொஞ்சம் கோழி. அந்த மாமியாரை அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாக்கின் அடியில் சேற்றோடு சேர்ந்து கூழாங்கல் மாதிரி ஒன்று கிடந்தது. கழுவிப் பார்த்தால் மனுஷ முழங்கால் சில்லு. வளர்ந்த ஆளுடையது. ஏட்டையா தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி கிணற்றுக்குப் போனார்கள். அந்த வழக்கு முடிய நாலு வருஷம் ஆனது, அது வேறு கதை.

மனுஷ எலும்புதான் என்றால், அடுத்து எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். இடது தொடை எலும்பு இரண்டு இருந்தால் குறைந்தது இரண்டு பேர். அப்புறம், எத்தனை காலத்துக்கு முந்தியது? வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது மண்டையோடு வந்தது என்று போலீஸ் பதறி ஓடி வரும். போய்ப் பார்த்தால் பக்கத்திலேயே தாழியின் உடைந்த விளிம்பு இருக்கும். ஆதிச்சநல்லூர் உங்கள் ஊர்ப் பக்கம்தானே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கொலைக்கு எஃப்.ஐ.ஆர். போட இன்ஸ்பெக்டர் ரொம்பத் தாமதமாகப் பிறந்துவிட்டார்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆணா பெண்ணா, வயது, உயரம். ‘யார்’ என்பது கடைசியில் வரும்.

ஆண், பெண், வயது, இதையெல்லாம் எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும்?
*– ஓய்வு பெற்ற ஆசிரியர், கரூர்*

வாத்தியார் கேட்டால் வகுப்பு எடுத்துத்தான் ஆக வேண்டும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரியுங்கள். இடுப்பெலும்பின் முன்பக்கம், கீழே அந்த மாதிரி அகலமான கோணம் இருந்தால் பெண். இப்போது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரியுங்கள், அந்த ஒடுங்கிய கோணம் ஆண். பிள்ளை பெறுவதற்காக அமைந்த எலும்பு, அதனால் வித்தியாசம் அங்கேதான் அதிகம். முழு இடுப்பெலும்பு கிடைத்துவிட்டால் பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் சரியாகச் சொல்லலாம். மண்டையோட்டில் புருவ மேட்டையும் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புப் புடைப்பையும் வைத்துச் சொல்வோம், ஆனால் அதில் உறுதி கொஞ்சம் குறைவு. வயசுக்கு வராத குழந்தை என்றால் எலும்பைப் பார்த்து ஆண், பெண் சொல்வது கஷ்டம். சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

வயது இதற்கு நேர் மாறு. சின்ன வயசில் துல்லியம், போகப் போக மங்கல். பிறந்த குழந்தைக்குக் கிட்டத்தட்ட 300 எலும்புத் துண்டுகள், வளர வளர ஒன்றோடொன்று ஒட்டி 206 ஆகின்றன. எந்த மூட்டு எந்த வயதில் ஒட்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. கழுத்துக்குக் கீழே காரை எலும்பைத் தொட்டுப் பாருங்கள். தொண்டைக் குழியை ஒட்டிய அதன் உள்முனைதான் கடைசியில் ஒட்டுவது, இருபதுகளின் பின்பாதி வரைகூட ஆகும். நாற்பதைத் தாண்டிவிட்டால் ‘40 முதல் 55 வரை’ என்றுதான் எழுத முடியும். குறுக்கு விசாரணையில் ஒரு வக்கீல், “டாக்டர், இந்தக் கோர்ட்டில் பாதிப் பேர் அந்த வயசுதான்” என்றார். உண்மைதான், நீதிபதி உள்பட.

உயரத்துக்குத் தொடை எலும்பு. நம் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சற்று அதிகம் அதன் நீளம். ஆனால் அமெரிக்கச் சிப்பாய்களை அளந்து போட்ட சூத்திரத்தை நம் ஊர் ஆளுக்கு அப்படியே போட்டால் ஆள் வளர்ந்துவிடுவான்.

எங்கள் லிமிட்டில், புதைத்த பிணம் ஒன்றைத் தோண்டி எடுக்க வேண்டி வந்தது. ஜேசிபி வைத்தால் அரை நாளில் முடிந்திருக்கும். மருத்துவர் கரண்டியும் பிரஷ்ஷும் கேட்டு, இரண்டு நாள் வெயிலில் நிற்க வைத்துவிட்டார். இவ்வளவு தேவையா?
*– காவல் துறையில் பணி, ஊர் வேண்டாம்*

அந்த மருத்துவருக்கு என் சார்பில் ஒரு சல்யூட் அடித்துவிடுங்கள்.

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. ஆட்சி மாறிய பிறகு அமைத்த விசாரணைக் குழு பதிவு செய்ததே கிட்டத்தட்ட 9,000 பேர். மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. ‘என்.என்.’, அதாவது பெயர் இல்லை என்று மட்டும் எழுதிய குழிகள் ஊர் ஊராகக் கல்லறைத் தோட்டங்களில் இருந்தன. ஜனநாயகம் வந்ததும் நீதிபதிகள் தோண்டச் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கிவிட்டார்கள். ஒருத்தர் மண்டையோடு இன்னொருத்தர் காலோடு கலந்து, கரை மேல் குவியல் குவியலாகக் கிடந்தது. குழி ஓரத்தில் தாய்மார்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் காணாமல் போனவர்கள் இரண்டாம் தடவை காணாமல் போனது அன்றைக்குத்தான்.

1984-இல் அமெரிக்காவிலிருந்து கிளைட் ஸ்னோ என்ற மானுடவியலாளர் அங்கே போனார். ஓக்லஹோமாக்காரர், விமான விபத்துகளில் இறந்தவர்களை ஆராய்ந்து பழகியவர். அவருக்குத் துணையாகக் கிடைத்தவர்கள் மானுடவியலும் தொல்லியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். பயந்துகொண்டேதான் வந்தார்கள். கொன்றவர்கள் அதே ஊரில் சுதந்திரமாகத் திரிந்துகொண்டிருந்தபோது வேறெப்படி வருவார்கள்? சின்னக் கொத்துக் கரண்டி, பிரஷ், சல்லடை. ஒரு எலும்பை எடுக்கும் முன் அது கிடக்கும் நிலையில் படம் எடு, வரை, எண் போடு. அந்த மாணவர்கள்தான் பின்னால் அர்ஜென்டினத் தடயவியல் மானுடவியல் குழு என்று உலகமெல்லாம் போய் வேலை செய்தார்கள். பொலிவியாவில் 1997-இல் சே குவேராவின் எலும்புகளை அடையாளம் கண்டதிலும் அவர்கள் பங்கு உண்டு.

லிலியானா பெரேரா என்ற பெண்ணின் வழக்கைக் கேளுங்கள். 21 வயது. 1977 அக்டோபரில் மார் தெல் பிளாட்டா ஊரில் தூக்கிச் சென்றபோது ஐந்து மாதக் கர்ப்பம். அடுத்த வருஷம் கடற்படைப் பள்ளி ஒன்றில் இருந்த சித்திரவதை முகாமில் குழந்தை பெற்றாள். அப்புறம் கொன்றுவிட்டு, மோதலில் செத்ததாகக் கணக்கு எழுதி, பெயரில்லாக் குழியில் போட்டார்கள். 1985 ஏப்ரலில் ராணுவத் தளபதிகள் மேல் நடந்த வழக்கில் ஸ்னோ சாட்சிக் கூண்டில் ஏறி, திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டினார். மண்டையோட்டில் ஷாட்கன் காயம், பக்கத்தில் வைத்துச் சுட்டது. கடைசிப் படம், லிலியானா உயிரோடு சிரித்துக்கொண்டிருக்கும் புகைப்படம். அந்த டிசம்பரில் முன்னாள் அதிபர் விதேலாவுக்கும் கடற்படைத் தளபதி மசேராவுக்கும் ஆயுள் தண்டனை.

இதில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இடுப்பெலும்பில் இருந்த குழிகளைக் காட்டி, இவள் பிள்ளை பெற்றவள் என்றும் ஸ்னோ சொன்னார். பிள்ளை பெறாதவர்களுக்கும் அந்த மாதிரிக் குழிகள் இருக்கலாம் என்பதால், இன்று அதை மட்டும் வைத்து யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. என்றாலும் லிலியானா விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். அவள் பெற்ற மகன் 2008-இல் மரபணுச் சோதனை மூலம் கிடைத்தான், 30 வயது ஆளாக.

உங்கள் குழிக்கு வருவோம். உயிரோடு இருக்கும்போதோ செத்த சூட்டிலோ உடைந்த எலும்பு, பச்சை மூங்கில் மாதிரி பிளந்து கிழியும். காய்ந்த பிறகு உடைந்தால் சுள்ளி மாதிரி மொட்டையாக ஒடியும், உள்ளே விளிம்பு வெளுத்திருக்கும். ஜேசிபி பல் பட்டால் இரண்டாவது ரகம் பத்து வரும். வக்கீல் அந்தப் பத்தைக் காட்டியே முதல் ரகம் ஒன்றைச் சந்தேகத்தில் தள்ளிவிடுவார். மண்ணையும் சலிக்க வேண்டும். துப்பாக்கிக் குண்டு, சட்டைப் பொத்தான், கழன்ற பல் எல்லாம் சல்லடையில்தான் நிற்கும். மேற்பார்வைக்கு வரும் தாசில்தாருக்கு ஒரு குடையும் நாற்காலியும் ஏற்பாடு செய்யுங்கள், இரண்டு நாள் தன்னால் போகும்.

டி.என்.ஏ. வந்த பிறகு எலும்பைப் பார்த்துக்கொண்டிருப்பது பழைய காலத்து வேலை இல்லையா?
*– மென்பொருள் பொறியாளர், பெங்களூரு*

போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊர். 1995 ஜூலையில் சுமார் 8,000 ஆண்களையும் பையன்களையும் கொன்று பெரிய குழிகளில் புதைத்தார்கள். விஷயம் வெளியே வந்துவிடும் என்று தெரிந்ததும், சில மாதங்களுக்குள் புல்டோசர் வைத்துக் கிளறி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒரே ஆளின் கால் ஓர் ஊரில், கை இன்னோர் ஊரில். உறவினர் ரத்தத்தோடு எலும்பின் டி.என்.ஏ.வை ஒப்பிடும் வேலையை ஒரு சர்வதேச ஆணையம் பெரிய அளவில் செய்தது. 2001 நவம்பரில் முதல் பொருத்தம் கிடைத்தது. இன்றைக்கு அடையாளம் தெரிந்தவர்கள் 7,000-ஐ நெருங்குகிறார்கள். டி.என்.ஏ. இல்லாமல் இது நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரே வீட்டில் இரண்டு மகன்கள் செத்திருந்தால்? அம்மா அப்பா ரத்தத்தோடு பொருத்தினால் ‘இவர்கள் பிள்ளை’ என்று வரும். பெரியவனா சின்னவனா என்று அந்த ஒப்பீடு சொல்லாது. அப்போது காரை எலும்பின் உள்முனையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். ஒட்டவே ஆரம்பிக்கவில்லை என்றால் 16 வயது, முழுக்க ஒட்டியிருந்தால் 30. எந்த எலும்பில் டி.என்.ஏ. நன்றாக நிற்கும் என்று சொல்வதும், எந்தக் கையும் எந்தக் காலும் ஒரே ஆளுடையவை என்று பிரிப்பதும் எங்கள் ஆள்தான்.

அங்கே தாய்மார்களுக்கு வந்த கேள்வி இன்னொன்று. கிடைத்த எலும்பை இப்போதே அடக்கம் செய்வதா, மீதியும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா? சிலர் காத்திருந்தார்கள். சிலர் அடக்கம் செய்தார்கள், பிறகு இன்னொரு குழியில் இன்னொரு எலும்பு கிடைத்து, கல்லறையை மறுபடி திறந்தார்கள்.

கொலைகாரன் விவரம் தெரிந்தவனாக இருந்து, அடையாளம் எல்லாவற்றையும் அழித்துவிட்டால்?
*– துப்பறியும் கதை வாசகர், ஈரோடு*

உங்களுக்காகவே ஒரு வழக்கு இருக்கிறது. 1935 செப்டம்பர், ஸ்காட்லாந்தில் மொஃபட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாலம். கீழே ஓடையில் பொட்டலம் பொட்டலமாக மனித உடல், சுமார் 70 துண்டுகள். செய்தவர் இங்கிலாந்தில் லங்காஸ்டரில் கிளினிக் நடத்திய பக் ரக்ஸ்டன், பம்பாயிலிருந்து போன பார்சி டாக்டர். செத்தவர்கள் அவர் மனைவி இசபெல்லாவும் வீட்டில் வேலை பார்த்த மேரி ரோஜர்சன் என்ற பெண்ணும்.

டாக்டர் அல்லவா, எதை வைத்து அடையாளம் காண்பார்கள் என்று தெரியும். மேரிக்கு ஒரு கண்ணில் மாறுகண், அந்தத் தலையில் கண்களைத் தோண்டியிருந்தார். அவள் கையில் பிறவி மச்சம் இருந்த இடத்தில் தோலை உரித்திருந்தார். மனைவிக்குக் கால் பெருவிரல் ஓரம் எலும்பு புடைத்திருக்கும், அந்த இடத்தைச் செதுக்கியிருந்தார். கிளாஸ்கோ, எடின்பரோ பேராசிரியர்கள் எதெது இல்லை என்று ஒரு பட்டியல் போட்டார்கள். காணாமல் போன இரண்டு பெண்களின் அங்க அடையாளப் பட்டியலை வீட்டாரிடம் வாங்கிப் பக்கத்தில் வைத்தார்கள். அச்சு மாதிரி பொருந்தியது. சும்மா விட்டிருந்தால்கூட இவ்வளவு பளிச்சென்று இருந்திருக்காது.

அதோடு இசபெல்லாவின் பழைய புகைப்படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கி, மண்டையோட்டுப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். நம் சென்னைத் தடய அறிவியல் கூடம் பிற்காலத்தில் பேர் வாங்கிய வித்தை இதுதான். டாக்டர் மாட்டியது கடைசியில் ஒரு செய்தித்தாளால். துண்டுகளைச் சுற்றியிருந்தது ‘சண்டே கிராஃபிக்’கின் விசேஷப் பதிப்பு, லங்காஸ்டர் வட்டாரத்தில் மட்டும் விற்றது. 1936 மே மாதம் தூக்கு.

கீழடிப் பக்கம் கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளுக்கு முகம் வரைந்து வெளியிட்டார்களே, கொலை வழக்கிலும் அப்படிச் செய்யலாமா?
*– இல்லத்தரசி, மானாமதுரை*

செய்கிறார்கள். கொந்தகை முகங்களை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் செய்தது. மண்டையோட்டில் எந்த இடத்தில் சதை எவ்வளவு கனம் என்று கணக்கு இருக்கிறது, அதை வைத்துப் பூசிக்கொண்டே வர வேண்டும். ஆனால் மூக்கு நுனி, உதடு, காது மடல், இதில் எல்லாம் எலும்பு கிடையாது, பாதி ஊகம். முடியும் நிறமும் முழு ஊகம். கோர்ட்டில் இதைச் சாட்சியமாக நீட்டக் கூடாது. ‘இந்த மாதிரி யாரையாவது தெரியுமா’ என்று பேப்பரில் போட்டு, ஒரு அம்மா போன் பண்ணுவாரா என்று காத்திருக்கத்தான் உதவும்.

மானாமதுரை என்றதும் ஞாபகம் வருகிறது. 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கில், தலையில்லாத உடல் இருந்த டிரங்குப் பெட்டி ரயிலில் பிடிபட்டது உங்கள் ஸ்டேஷனில்தான். தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தது சென்னை மருத்துவக் கல்லூரி. என் ஆசிரியர்கள் அந்த வழக்கைச் சொல்லாமல் ஒரு வருஷத்தையும் முடித்ததில்லை.

ராத்திரி பயமாக இருக்காதா?
*– ஏழாம் வகுப்பு மாணவன், தேனி*

கொசுதான் பயம்.

சுனாமியில் என் அக்கா போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை, எந்தக் குழியில் என்றும் தெரியாது. அன்றைக்கு அடையாளம் கண்டிருக்க முடியாதா?
*– வாசகி, நாகப்பட்டினம்*

முடிந்திருக்கும் அம்மா, எல்லாரையும் இல்லாவிட்டாலும் நிறையப் பேரை. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் இறந்தார்கள். கொள்ளை நோய் வந்துவிடும் என்ற பயத்தில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள். இயற்கைப் பேரிடரில் காயத்தால் இறந்தவர்களின் உடலால் கொள்ளை நோய் பரவுவதில்லை. இதை அன்றைக்கு உரக்கச் சொல்ல ஆளில்லை. ஒரு படம், ஒரு எண், ஒரு பல் குறிப்பு, புதைத்த இடத்தில் அதே எண் எழுதிய ஒரு கல், இவ்வளவு போதும். தாய்லாந்தில் அதே சுனாமியில் இறந்தவர்களை மாதக்கணக்கில் இருந்து அடையாளம் கண்டார்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் பல்லை வைத்துத்தான்.

நான் மூன்றாம் நாள் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். தண்ணீரில் ஊறி மூன்று நாள் ஆன முகத்தில் முகம் இருக்காது. ஒரு சின்னப் பெண் குழந்தையைச் சுற்றிச் சண்டை. இரண்டு அப்பாக்கள், இரண்டு பேரும் கடலுக்குப் போகிறவர்கள், இரண்டு பேரும் “என் புள்ள” என்கிறார்கள். ஒருத்தர் ஊதாப் பாவாடையைக் காட்டுகிறார், இன்னொருத்தர் கொலுசைக் காட்டுகிறார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருத்தர் மகளுக்கு வயசு ஆறு, இன்னொருத்தர் மகளுக்கு ஒன்பது. உடம்பு உப்பிப் போயிருந்ததால் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

என்னிடம் இருந்தது ஒரு டார்ச் லைட்டும், ஐஸ் சாப்பிடுகிற மரக் குச்சியும். குனிந்து வாயைத் திறந்து பார்த்தேன். கீழ் முன்வரிசையில் நடுவில் இரண்டு புதுப் பல், பாதிதான் வெளியே வந்திருந்தது. புதிதாக முளைத்த பல்லின் விளிம்பில் ரம்பம் மாதிரி மூன்று முனை இருக்கும், கடித்துக் கடித்துத் தேய்ந்த பிறகு போய்விடும். இதில் தேயவே இல்லை. மேலே எல்லாம் பால் பல். ஒன்பது வயசு என்றால் மேலேயும் கீழேயும் முன்பற்கள் நாலும் விழுந்து முளைத்திருக்கும்.

ஆறு வயசுக்காரியின் அப்பாவிடம், “பாப்பாவுக்குப் பல்லு விழுந்துச்சா?” என்று கேட்டேன். “தீபாவளிக்கு முந்தி கீழ்ப்பல்லு ரெண்டு விழுந்துச்சுங்க, கூரை மேல போட்டோம்” என்றார். மற்றவர் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரிசையின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மன்னார்ப் புதைகுழி எலும்புகள் 400, 500 வருடங்களுக்கு முந்தியவை என்று சொல்லிவிட்டார்கள். செம்மணியும் அப்படித்தான் ஆகுமா?
*– யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது டொராண்டோவில்*

ஐயா, மன்னாரில் 2018-இல் சதொச என்ற அரசுக் கடையின் கட்டட வளாகத்தில் தோண்டியபோது 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அமெரிக்காவில் ஃபுளோரிடா ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு மாதிரிகள் அனுப்பினார்கள். கார்பன் கணக்குப்படி 1404 முதல் 1635-க்குள் என்று 2019-இல் அறிக்கை வந்தது. சோதித்த மாதிரிகளுக்கு அந்தக் காலம், அவ்வளவுதான். குழியில் எந்த அடுக்கில் எது கிடந்தது, கூட என்ன பொருள் கிடந்தது என்பதோடு சேர்த்து வாசிக்காமல், ஆய்வுக்கூடத் தாளை மட்டும் வைத்துக் குழி முழுவதற்கும் முத்திரை குத்துவது சரியான முறை ஆகாது. என்னிடம் ஒரு மாணவன் அப்படி எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

யாழ்ப்பாணத்தை ஒட்டிய செம்மணி வேறு விதம். கிருசாந்தி குமாரசாமி என்ற பள்ளி மாணவியின் கொலை வழக்கில் 1998-இல் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர், நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999-இல் தோண்டி 15 பேரை எடுத்தார்கள், அதோடு நின்றது. 2025-இல் அதே செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலையின்போது எலும்புகள் வர, நீதவான் மேற்பார்வையில் அகழ்ந்ததில் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன, குழந்தைகள் உள்பட. ஒரு பள்ளிப் பை, ஒரு பொம்மை, ஒரு பால் போத்தல். பிளாஸ்டிக்குக்குப் பதினைந்தாம் நூற்றாண்டு என்று யாரும் சொல்ல முடியாது. தவிர, 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலேயே கதிரியக்கக் கார்பன் கூடிவிட்டது. அதற்கு அப்புறம் வாழ்ந்தவர்களின் உடலில் அந்தத் தடம் இருக்கும். வேண்டுமென்றால் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் பை எந்த வருஷத்துப் பை என்று தெரிவதால் பிள்ளையின் பெயர் வந்துவிடாது. 2025 ஆகஸ்டில் அந்தப் பொருள்களை மக்கள் பார்வைக்கு வைத்தார்களே, அதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பையைப் பார்த்து, “இது நான் வாங்கிக் கொடுத்தது” என்று சொல்லக்கூடிய தாய்க்கு இன்றைக்கு என்ன வயசு இருக்கும், கணக்குப் போடுங்கள். அவர்களிடம் ரத்த மாதிரியும், பிள்ளைக்கு எந்தப் பல் கோணல், எந்தக் கை முறிந்தது என்ற வாக்குமூலமும் இப்போதே எடுத்து வைக்க வேண்டும். எலும்பு இன்னும் பத்து வருஷம் பெட்டியில் காத்திருக்கும்.

எப்படிச் செத்தார் என்பது வரை எங்களால் சொல்ல முடியும். யார் கொன்றது என்பதற்குச் சாட்சி வேண்டும், பதிவேடு வேண்டும், விசாரிக்கிற அரசுக்கு மனசு வேண்டும். மூன்றையும் பிரஷ்ஷால் தோண்டி எடுக்க எனக்குத் தெரியாது.

என் தம்பி ஆறு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குப் போனவன் வரவில்லை. அடையாளம் தெரியாத பிணம் என்று எங்கே செய்தி வந்தாலும் ஓடுகிறோம். நாங்கள் என்ன செய்து வைக்க வேண்டும்?
*– பெயர் வேண்டாம், விருதுநகர்*

உங்கள் தம்பி நல்லபடியாக வந்து சேரட்டும். அது வரைக்கும் உங்கள் பக்கத்துப் பாதியைப் பத்திரப்படுத்துங்கள்.

‘மேன் மிஸ்ஸிங்’ வழக்கு எண்ணும் நகலும் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அது. வெளி மாவட்டத்தில் ஒரு உடல் கிடைத்தால் அந்த எண்ணை வைத்துத்தான் பேச முடியும். இந்தியா முழுமைக்குமான டி.என்.ஏ. வங்கிக்கு ஒரு மசோதா வந்து 2023-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதனால் கம்ப்யூட்டர் தானாகப் பொருத்திச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒப்பிட அம்மா ரத்தம்தான் மேல். வயதானவர் என்றால், மாதிரி எடுத்து வைக்க வழி உண்டா என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

அப்புறம் பரணில் ஏறுங்கள். தம்பி எப்போதாவது பைக்கில் விழுந்து எக்ஸ்ரே எடுத்தானா? பல் டாக்டரிடம் போனானா? அந்தப் பழுப்புக் கவரை எலி கடிக்காத இடத்தில் வையுங்கள். கையில் காலில் பிளேட் வைத்திருந்தால் அதில் கம்பெனி எண் இருக்கும், ஆஸ்பத்திரி ரசீதைத் தேடுங்கள். அம்மாவை உட்கார வைத்து, சின்ன வயசில் எங்கே விழுந்தான், எந்தக் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள், புத்தூர் போய்க் கட்டு கட்டினீர்களா என்று கேட்டு, ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அம்மா சொல்லும்போதே எழுதுங்கள், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கடிதத்தோடு அனுப்பிய ஸ்டுடியோ போட்டோ பார்த்தேன். நல்ல பையன். ஆனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறான். கூட்டாளிகள் செல்போனில் தேடுங்கள், கல்யாண வீடு, கோயில் கொடை, எங்கேயாவது பல் தெரியச் சிரித்திருப்பான். அந்தப் படத்தை அனுப்புங்கள்.